சமையலறையில் கேட்டவை

லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் பேசிய ஒரு சொல்கூட அந்த அறையில் கேட்கவில்லை. நகரத்தின் சமையலறைக் குழாய்கள் எல்லாவற்றிலும் கேட்டது. அவள் உறுப்பினரான முதல் மாதத்திலிருந்தே இப்படித்தான். ஆனால் அறையில் இருந்த உறுப்பினர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இளைஞர் பிரதிநிதியான அவள் எழுந்து பேசும்போது தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார், உளவியல் பேராசிரியர் தன் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருப்பார், மற்றவர்கள் டீ வருகிறதா என்று கதவைப் பார்ப்பார்கள். அவள் உதடுகள் நின்றதும் தலைவர், "நல்ல கருத்து, நன்றி" என்பார். பெரிய இடத்தில் பேசினால் இப்படித்தான் இருக்கும்போல என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

குழுவின் முழுப் பெயர் இளைஞர், குடும்ப நல ஆலோசனைக் குழு. அது ஆணை போடாது, யாரையும் தண்டிக்காது. மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அரசுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கூடி, எது குடும்பம், எந்த வயதுவரை ஒருவர் பிள்ளை, யார் யாரை வளர்க்கலாம் என்று அரசுக்கு யோசனை சொல்லும். வெறும் யோசனைதானே என்று இருந்துவிட முடியாது. குழு தொடங்கி முப்பத்தோரு வருடத்தில் அரசு அதன் பரிந்துரை ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. பாதியைப் படித்ததும் இல்லை. மேசைக்கு மேசை கையெழுத்து வாங்கிக்கொண்டு நேராகப் போய்ச் சட்டமாகிவிடும். விடுதிகளின் கதவு எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதிலிருந்து, பள்ளிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதுவரை அந்த நீள மேசையில்தான் முடிவாயிற்று.

உறுப்பினர்கள் பதினொரு பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. யாரையும் கடிந்து பேசாதவர், யார் சொல்வதையும் கேட்டுக்கொள்ளாதவர். பதினொரு பேரில் ஒருவர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. முந்தைய இளைஞருக்கு வயது தாண்டிவிட்டதை ஒரு மாலை நாலரை மணிக்குத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து மணிக்குள் படிவம் போக வேண்டும். அப்போது கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோயிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, முழங்கைவரை கிரீஸோடு ஒரு பெண் வெளியே வந்தாள். வயது என்ன என்று கேட்டார்கள். இருபத்தொன்று என்றாள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் பழுதுபார்த்த ரசீது என்று நினைத்துப் போட்டுவிட்டுப் போனாள். மறு வாரம் நியமனக் கடிதம் வந்தபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. படிவத்தின் மூலையில் அவள் கட்டைவிரலின் கிரீஸ் இன்னும் இருக்கிறது.

அவள் குரல் அறையில் கேட்கவில்லை என்பதை முதலில் கண்டுகொண்டவர் குழுவின் குறிப்பெழுதுபவர். இருபத்திரண்டு வருடமாக மேசையின் கோடியில் உட்கார்ந்து, பேசுகிறவர் வாயிலிருந்து சொல் விழுவதற்குள் சுருக்கெழுத்தில் பிடித்துவிடுவார். மை நிரப்பும் பேனாதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதால் அவருக்குப் பேனாக்காரம்மா என்றே பெயர் நின்றுவிட்டது. முதல் கூட்டத்தில் அந்தப் பெண் எழுந்து நின்றாள், கைகளை ஆட்டினாள், உதடுகள் அசைந்தன, ஆனால் பேனா நகரவில்லை. பேனாக்காரம்மா தன் காதுதான் போய்விட்டது என்று பயந்து காது டாக்டரிடம் போனார். டாக்டர் சோதித்துப் பார்த்து, இந்த வயதில் இப்படி ஒரு காதா என்று ஆச்சரியப்பட்டு அனுப்பினார். ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுப் பார்த்தார். மின்விசிறிச் சத்தமும் தலைவரின் "நல்ல கருத்து, நன்றி"யும் மட்டும் இருந்தன. வேறு வழியில்லாமல் மூன்று மாதமும் "இளைஞர் பிரதிநிதி கருத்து ஏதும் கூறவில்லை" என்று எழுதினார்.  இருபத்திரண்டு வருடத்தில் பொய் என்று தெரிந்து அவர் எழுதிய முதல் வரி அதுதான்.

மூன்றாவது கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினார். கணவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். பிற்பகலில்தான் வேலைக்குப் போவார், அதனால் காலைச் சமையல் அவருடையது.

"லிஃப்ட் வேலை பாக்குற பொண்ணா? அது நல்லாத்தானே பேசுது" என்றார் கணவர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம வீட்டுக் குழாய்லதான் வருதே. வியாழக்கிழமை பதினொன்றரை மணி வாக்குல. பக்கத்து வீட்டு ரேடியோ பைப்பு வழியா வருதுன்னு நெனச்சேன். நல்ல நல்ல வாக்கியமா இருந்துச்சு, விட மனசு வரலை. எழுதி வச்சிருக்கேன், பாக்குறியா?"

அச்சகத் தாள்களின் ஓரத்தில், பிழை திருத்தும் சிவப்பு மையில், மூன்று கூட்டங்களிலும் அவள் பேசியது முழுதும் இருந்தது. கணவர் பழக்கதோஷத்தில் இரண்டு இடத்தில் ஒற்று மிகும் என்று குறித்தும் வைத்திருந்தார். பேனாக்காரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து படித்தார். பதினேழு வயதில் ஒரே வருடத்தில் அப்பாவும் அம்மாவும் போனது. தம்பிக்கு அப்போது பத்து வயது, தங்கைக்கு ஐந்து. லிஃப்ட் கம்பெனி கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறை. பள்ளிப் படிவத்தில் பெற்றோர் என்ற இடத்தில் அவள் கையெழுத்தைத் தலைமையாசிரியர் மூன்று முறை அடித்தது, நான்காம் முறை பேனாவை அழுத்தி அவள் தாளைக் கிழித்தது. இத்தனையும் பத்துப் பேர் நடுவில் சொல்லப்பட்டிருக்கிறது, பத்துப் பேரும் டீ குடித்திருக்கிறார்கள்.

நகரத்துக்கு இது முன்பே தெரியும். குழாயைத் திறந்தால் குரல் கொஞ்சம் கரகரக்கும், மூடினால் சற்றுத் தள்ளி நின்று பேசுவதுபோல இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பிளம்பர்கள் குழாய் வாஷர்களை மாற்றினார்கள், பயனில்லை. குடிநீர்த் துறை மாதிரி எடுத்துச் சோதித்து, தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை கொடுத்தது. சிலர் குழாயில் துணி சுற்றினார்கள். பெரும்பாலான வீடுகளில் வியாழக்கிழமை பாத்திரம் கழுவுவதைப் பதினொன்றரைக்குத் தள்ளிவைத்தார்கள். ஆஸ்பத்திரிச் சமையற்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குழாயோடு வாய்ச்சண்டை போட்டார். பதில் வராததால் தானே ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். அவள் மற்ற இடங்களில் பேசும்போது எல்லாரையும்போல அவள் வாயிலிருந்துதான் குரல் வந்தது. அந்த நீள மேசையின் முன்னால் எழுந்து நின்றால் மட்டும் குரல் ஊருக்குள் போய்விடும்.

அடுத்த மாதம் கூட்டத்துக்கு முன்னால் பேனாக்காரம்மா அவளை லிஃப்டுக்குள் இழுத்துப்போய்க் கதவை மூடி விஷயத்தைச் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு முகம் வெளிறியது.

"ஊர் முழுக்கவா மேடம்? தங்கச்சிக்கு நான் தலை வாரிவிடறதைப் பத்திச் சொன்னேனே, அதுகூடவா?"

"அதுகூடத்தான். கோணல் வகிடுன்னு சொன்னியே, அதுவும்."

 மூன்றாம் மாடியில் கதவு திறக்கும்போது, "நல்லதாப் போச்சு. இவ்வளவு நாள் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினது வீணாப்போகலை. இனிமே இன்னும் நிதானமாப் பேசுறேன், எழுதுறவங்களுக்குச் சிரமமா இருக்கக்கூடாது" என்றாள். அன்றைய கூட்டத்தில் அவள் வாக்கியங்களுக்கு இடையே நிறுத்திப் பேசியதாகப் பிழை திருத்துபவர் பிற்பாடு பாராட்டினார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஐந்தாவது மாதத்தில் அந்த வருடத்தின் பதினான்காம் பரிந்துரை மேசைக்கு வந்தது. குடும்பம் என்றால் என்ன என்று அதுவரை யாரும் வரையறுக்காததால் கோப்புகள் தேங்குகின்றன, ஆகையால் இருபத்தைந்து வயது நிரம்பிய குடும்பத் தலைவரும் அவர் பெற்ற பிள்ளைகளும் சேர்ந்து வாழும் வீடே குடும்பம் என்று கொள்ளலாம். அப்படி இல்லாத வீடுகளில் வளரும் சிறுவர்களை ஆண்கள் விடுதிக்கும் சிறுமிகளைப் பெண்கள் விடுதிக்கும் மாற்றலாம் என்று எழுதியிருந்தது. பின்னிணைப்பில் நானூற்று ஆறு வீடுகளின் பட்டியல். எண்பத்தொன்பதாவது வீடு லிஃப்ட் கம்பெனி கிடங்குக்குப் பின்னால் இருந்தது. ஆண்கள் விடுதி நகரத்தின் ஒரு முனை, பெண்கள் விடுதி மறு முனை.

பேனாக்காரம்மா அந்த வரைவைத் தட்டச்சு செய்து வீட்டுக்கு எடுத்துவந்தார். கணவர் வழக்கம்போலச் சிவப்பு பேனாவோடு படித்தார். ஒரு பிழையும் திருத்தாமல் நிறுத்திவிட்டு, "இதுல நாமளும் இல்லையே" என்றார்.

"என்ன?"

"பெத்த பிள்ளைங்க இருந்தாத்தான் குடும்பமாம். இருபத்தாறு வருஷமா நாம ரெண்டு பேரும் இங்க என்ன செஞ்சிட்டிருக்கோம்? ஒரே ரூம்ல தங்கியிருக்கோமா?"

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். பேனாக்காரம்மா சிரிக்கவில்லை. அந்த வரியை அவர் பகலில் ஏழு முறை தட்டச்சு செய்திருந்தார். ஒரு முறைகூடத் தன் வீடு ஞாபகத்துக்கு வரவில்லை. 

மறுநாள் சிவப்பு மையில் எழுதிய தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார். தலைவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், குழாயில் கேட்பதை அவர் சொல்லி முடித்ததும் தாள்களைப் புரட்டாமல் ஓரமாக அடுக்கினார்.

"அம்மா, கூட்ட அறையில கேக்காதது கூட்டக் குறிப்புல வராது. இது உங்களுக்குத் தெரியாததா?"

"அறையில சொன்னதுதான் சார் இது. கேக்கலைங்கிறது நம்ம குறை."

"உங்களுக்கு ஓய்வு வேணும்னு நினைக்கிறேன். ஆவணக் கிடங்குல அமைதியான வேலை ஒண்ணு காலியா இருக்கு."

"வாக்கெடுப்பு முடியட்டும் சார், அப்புறம் எங்க வேணும்னாலும் போறேன். அதுவரைக்கும் பேனா என் கையில இருக்கு" என்று சொல்லிவிட்டு, தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். அந்த அறையிலிருந்து தாளோடு திரும்பிவந்தவர் அதற்கு முன் யாரும் இல்லை.

வாக்கெடுப்பு நாளில், கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரம் நகரம் முழுதும் தண்ணீரை நிறுத்திவைக்கும்படி தலைவர் குடிநீர்த் துறைக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். பராமரிப்புப் பணி என்று காரணம் சொல்லப்பட்டது. பத்தரை மணிக்குக் குழாய்கள் இருமி, காற்றைத் துப்பி, வறண்டன. பதினொன்றேகால் மணிக்கு அவள் எழுந்து நின்று பேசத் தொடங்கியபோது, இடையில் தண்ணீரே இல்லாததால், குரல் முன்னெப்போதையும்விடத் தெளிவாக வந்தது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல இருந்தது என்று பலர் சொன்னார்கள். பாத்திரம் கழுவவும் வழியில்லை, சமைக்கவும் வழியில்லை. நகரமே கையைக் கட்டிக்கொண்டு குழாய் முன்னால் நின்று கேட்டது.

கூட்ட அறையில் இது எதுவும் கேட்கவில்லை. அவள் உதடுகள் அசைந்தன, தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பேனாக்காரம்மா குறிப்பேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "நீ நிறுத்தாத. நான் எங்க போனாலும் நீ பேசிக்கிட்டே இரு" என்றார். பிறகு கதவைத் திறந்து வெளியே போனார். குழுவின் விதிகளில் ஒன்பதாவது, முன்பொரு காலத்தில் கூரை ஒழுகி அறை அறையாக மாறிக் கூட்டம் நடத்த வேண்டியிருந்தபோது எழுதப்பட்டது: குறிப்பெழுதுபவர் எங்கே உட்கார்ந்து எழுதுகிறாரோ அங்கே நடப்பதே கூட்டம். எழுதப்படாத வாக்கெடுப்பு செல்லாது. விதியை எழுதியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அதை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. பேனாக்காரம்மா படி இறங்கித் தரைத்தளத்துக் கேன்டீன் சமையலறைக்குப் போய், வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் குறிப்பேட்டைத் திறந்தார்.

பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பத்து உறுப்பினர்களும் ஒருவர்பின் ஒருவராக இறங்கிவந்தார்கள். கோபத்தோடு வந்தவர்கள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். காய்ந்த குழாயிலிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் வந்துகொண்டிருந்தது. கேன்டீன் சமையற்காரர் வாயில் விரலை வைத்து அவர்களை அடக்கினார். மூன்றாம் மாடியில் அவள் பத்துக் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"...தம்பி கண்ணாடி இல்லாம எழுந்தா கதவு நிலையில முட்டிக்குவான். அதனால ராத்திரி கழட்டினதும் கண்ணாடியை நான் வாங்கி வச்சுக்குவேன், காலைல நானே மாட்டிவிடுவேன். விடுதியில அறுபது பேருக்கு ஒரு வார்டன். அவர் அறுபது கண்ணாடியை மாட்டிவிடுவாரா? தங்கச்சிக்கு இடி இடிச்சா தம்பி பக்கத்துல உக்காந்து வாய்ப்பாடு சொல்லணும். பதிமூணாம் வாய்ப்பாடு. வேற வாய்ப்பாடு சொன்னாத் தூங்க மாட்டா. இதெல்லாம் உங்க படிவத்துல எந்தக் கட்டத்துல வரும்? எனக்கு இருபத்தொண்ணு வயசு ஆகுது. இந்த ஊர்ல இருநூத்துப் பதினாறு லிஃப்ட் இருக்கு, எல்லாத்தையும் நான்தான் பாக்குறேன். ஒவ்வொரு நாளும் உங்க அப்பா அம்மா, உங்க பிள்ளைங்க அதுல ஏறி இறங்குறாங்க. அந்தக் கம்பியை என்னை நம்பி விட்டிருக்கீங்க. ரெண்டு பிள்ளைங்களை நம்பி விடமாட்டீங்களா? லிஃப்டை நிறுத்திடுவேன்னு மிரட்டலை. அதெல்லாம் ஓடும், நான் வேலையை ஒழுங்காப் பாக்குறவ. ஆனா இதை மட்டும் கேட்டுக்குங்க. நீங்க இந்தப் பரிந்துரையை அனுப்பினாலும் என் பிள்ளைங்களை நான் அனுப்ப மாட்டேன். யாரு வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். என் வீட்டுக்குப் பேரு குடும்பம். உங்ககிட்ட நான் பேரு கேக்கலை. என் ஓட்டு எதிர்ல. எழுதிக்குங்க அக்கா."

பேனாக்காரம்மா எழுதினார். அவள் முதல் முறையாகத் தன்னை அக்கா என்று கூப்பிட்டதையும் விடாமல் எழுதினார்.

 உளவியல் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். சமையற்காரர்தான் கடைசியில், "சார், ஓட்டை எடுங்க. தண்ணி வந்ததும் நான் நூறு பேருக்குச் சமைக்கணும்" என்றார்.

கைகள் தூக்கப்பட்டன. தலைவரையும் சேர்த்து ஆதரவாக ஐந்து, எதிராக ஐந்து. பேராசிரியரின் கை, கண்ணாடியோடு, எதிர்ப்பக்கம் உயர்ந்தது. தலைவர் எண்ணி முடித்து, சமமாக இருப்பதால் பரிந்துரையை அப்படியே அரசுக்கு அனுப்பலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஆறு சார்" என்றார் பேனாக்காரம்மா. "எதிரா ஆறு."

"குழாய் ஓட்டுப் போட முடியாதும்மா."

"குழாய் உறுப்பினர் இல்லை சார். ஓட்டுப் போட்டவங்க உறுப்பினர். மேல அவங்க நாற்காலியில உக்காந்திருக்காங்க, போய்ப் பாத்துக்கலாம்."

"அந்த வரியை அடிச்சிடுங்க."

பேனாக்காரம்மா பேனாவின் மூடியை எடுத்துத் திருகி மூடினார். சட்டைப்பையோ கைப்பையோ இல்லாததால் அதைக் கொண்டையில் செருகிக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா நீங்க சொல்லச் சொல்ல எழுதினேன். மூணு மாசம் பொய்யும் எழுதினேன். இதை அடிக்க மாட்டேன். வேணும்னா நீங்க அடிங்க, உங்க கையெழுத்தைப் போட்டு அடிங்க" என்று குறிப்பேட்டைத் தலைவர் பக்கம் நீட்டினார். அவர் முப்பது வருடம் நீதிபதியாக இருந்தவர். எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பதினான்காம் பரிந்துரை, ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஆறு, அந்த வெங்காய மூட்டைக்கு முன்னால் தோற்றது. குழுவின் வரலாற்றில் தோற்ற முதல் பரிந்துரை அதுதான். நானூற்று ஆறு வீடுகளில் அது உடனே தெரிந்துவிட்டது. வாக்கெடுப்பு முடிந்ததைச் சமையற்காரர் மாடிக்கு ஓடிப்போய்ச் சொன்னதும் அவள் போட்ட கூச்சலும் குழாய்களில்தான் வந்தது.

பேனாக்காரம்மாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. கூட்ட நேரத்தில் இருக்கையை விட்டுப் போனது ஏன் என்று கேட்டிருந்தார்கள். "பேச்சு கேட்ட இடத்துக்குப் போனேன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அதன்மேல் நடந்த விசாரணை நான்கு வருடம் நீண்டு, விசாரித்தவர் ஓய்வுபெற்றதால் முடிந்தது. ஆவணக் கிடங்குக்கு மாற்றும் ஆணை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அவர் அதைக் கோப்பில் சேர்த்துவிட்டு வழக்கம்போல வெங்காய மூட்டைமேல் போய் உட்கார்ந்தார். மூன்றாம் முறை வரவில்லை. அவருக்காகச் சமையற்காரர் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். குறிப்பேட்டில் வருகை, முடிவுகள் என்ற தலைப்புகளோடு சமையலறையில் கேட்டவை என்று ஒரு தலைப்பும் அச்சாகி வரத் தொடங்கியது. அச்சகத்தில் அதைப் பிழை திருத்தியவர் ஒற்று எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது ஆனதும் பதவி முடிந்தது. தம்பி அதற்குள் கல்லூரிக்குப் போய்விட்டான், தங்கை தானே வகிடு எடுக்கக் கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பிறகு வந்த தாதிப் பயிற்சி மாணவனின் குரலும், அவனுக்குப் பிறகு வந்த பஸ் நடத்துநர் பெண்ணின் குரலும் குழாய்களிலேயே வந்தன. அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதவில்லை. பிறகு குழுவுக்காகக் கட்டிய புதிய கட்டடத்துக்கு வரைபடம் போட்ட பொறியாளர், யாரும் கேட்காமலே, கூட்ட அறையின் நீள மேசை நடுவில் ஒரு குழாயை வைத்து, கேன்டீன் பைப்போடு இணைத்தார். கட்டடம் திறந்து சில வாரங்களில் நிதித்துறையிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், அந்தக் குழாயில் பேச்சோடு தண்ணீரும் விழுவதைப் பார்த்துவிட்டு, சொட்டுகிறதே, யாராவது மூடக் கூடாதா என்று கையை நீட்டினார். அந்த வருடத்து இளைஞர் பிரதிநிதி ஒரு ரொட்டிக் கடைத் தொழிலாளி. மேசையின் கடைசியில் நின்று பாதி வாக்கியத்தில் இருந்தாள். புதிய தலைவர் அதிகாரியின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து நிறுத்தி, "இருங்க சார், அவங்க பேசி முடிக்கட்டும்" என்றார்.